மினிட் புத்தகம் இல்லாத ஒரு சபை

ஒரு சபையின் வரலாற்றை மலருக்கு எழுத உட்காருகிறவர் முதலில் கேட்பது மினிட் புத்தகத்தைத்தான். பதிவு எண், முதல் நிர்வாகக் குழு, சந்தா கட்டியவர்கள் பட்டியல், கட்டட நிதிக் கணக்கு எல்லாம் கைக்கு வந்துவிட்டால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி. வட்டத்தொட்டிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. தலைவர் தேர்தல் நடந்ததில்லை, செயலாளர் என்று ஒருவர் இருந்ததில்லை, சந்தா வசூலித்ததில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டுத் தொட்டிக்கட்டில் 1920களில் கூட ஆரம்பித்தது அந்தச் சபை. பிற்பாடு அவரோடு சேர்ந்து குற்றாலத்துக்கும் குடிவந்துவிட்டது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், கம்பன் பாட்டைச் சொன்னார்கள், கேட்டார்கள், சாப்பிட்டார்கள், ஊர் திரும்பினார்கள். யாரும் குறிப்பு எடுத்து வைக்கவில்லை.

கடிதங்கள் இருக்கின்றன. யார் வந்தார்கள், என்ன பாட்டு அன்றைக்குப் பேச்சுக்கு வந்தது, வருவதாகச் சொன்னவர் ஏன் வரவில்லை என்பதெல்லாம் டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில்தான் கிடைக்கிறது. அவரிடம் தமிழ் கேட்டு வளர்ந்து, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். மகராஜன் அந்தக் கடிதங்களைத் தொகுத்து நூலாக்கினார். தமிழில் கடிதத்தையும் இலக்கியமாகப் படிக்கலாம் என்று பலருக்குத் தோன்றியது அந்த நூலைப் பார்த்த பிறகுதான்.

அதைப் படிக்கிறவர்கள் வழக்கமாகக் கம்பனைப் பற்றிய இடங்களுக்குக் கோடு போட்டுக்கொள்வார்கள். சாரல் விழுந்ததா, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் கல்யாணம், எந்த வண்டியில் வருகிறார்கள் என்ற வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். ‘சொந்த விஷயம்’ என்று ஒரு ஒதுக்கல். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விதிமுறை, சந்தா, கட்டடம் எதுவும் இல்லாத ஒரு சபை முப்பது வருஷம் நின்றது என்றால், அதைத் தாங்கியவை அந்தச் சொந்த விஷயங்கள்தான். கல்யாணமும் உடம்பும் பிரயாணமும்தான் அதன் நடவடிக்கைக் குறிப்புகள். ஆகவே இந்தக் கட்டுரை கோடு போடாமல் விட்ட வரிகளின் பக்கம் போகிறது.

டி.கே.சி.யின் சொந்த ஊர் தென்காசி. சட்டம் படித்தவர். ஆனால் கோர்ட்டில் அவர் மனம் தங்கவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னை சட்டசபை உறுப்பினர். 1930 முதல் 1935 வரை அறநிலையத் துறை ஆணையர். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் முதன்முதலாகக் கம்பன் திருநாள் நடத்தியபோது தலைமை வகித்தவர். 1940களின் தமிழிசை இயக்கத்தில் கல்கியோடும் ராஜாஜியோடும் நின்றவர். இவை எல்லா மலர்களிலும் வரும் செய்திகள், இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாடு முழுவதும் ஒரு நண்பர் வட்டத்தை வைத்திருக்க ஒருவரால் முடிந்தது எப்படி? அதற்குத் தபாலையும் ரயிலையும் பார்க்க வேண்டும். 1854இல் இந்தியா முழுவதற்கும் தூரக் கணக்குப் பார்க்காத ஒரே தபால் கட்டணம் வந்தது, அரையணா. 1879இல் காலணாக் கார்டு வந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903இல் ரயில் வந்தது. அடுத்த வருஷம் மலையைக் குடைந்து புனலூரோடு சேர்த்தார்கள். 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை திறந்தது. அதற்குப் பிறகு சென்னை எழும்பூரில் வண்டி ஏறினால் திருநெல்வேலியைச் சுற்றாமலே தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ராஜாஜியும் கல்கியும் அடிக்கடி வந்து போக முடிந்ததில் கம்பனுக்கு எவ்வளவு பங்கோ, இந்த மீட்டர்கேஜ் பாதைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கடிதங்களில் பிரயாணம் வரும் விதமே தனி. ‘ஜூன் பிறந்துவிட்டது, சீசன் ஆரம்பம்’ என்று அறிவிப்பதற்கு இந்த ஊரில் பேப்பர் தேவையில்லை. மேற்கே பார்த்தால் போதும். ஆனால் மதுரையில், சென்னையில், காரைக்குடியில் இருக்கிறவருக்கு யார் சொல்வது? டி.கே.சி.யின் கடிதம்தான் சொல்லும். பேரருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது, ஐந்தருவியில் எத்தனை கிளை நிறைந்திருக்கிறது, சாரல் எந்நேரம் வந்து எந்நேரம் விட்டது. அப்புறம் அழைப்பு. அழைப்புக்கு ஒரு காரணம் கற்பிக்க மாட்டார். கூட்டம் இருக்கிறது, தலைமை தாங்குங்கள் என்பதெல்லாம் கிடையாது. வந்து இரும், குளியும், சாப்பிடும், பாட்டுச் சொல்வோம், அவ்வளவுதான். நண்பர் வராவிட்டால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இன்னொன்று போகும். வந்து திரும்பியவருக்கு, அவர் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று ஒன்று போகும். இந்த வரவழைக்கும் கடிதங்களையும் வழியனுப்பிய கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கினால் அதுவே வட்டத்தொட்டியின் வருகைப் பதிவேடு.

குற்றாலத்திலிருந்து கடிதம் எழுதும் வழக்கம் டி.கே.சி.க்கும் நூறு வருஷம் முந்தியது. கம்பெனிக்காரர்கள் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் லவங்கப்பட்டையும் போட்டுத் தோட்டம் வளர்த்தார்கள். பாளையங்கோட்டைத் துரைமார்கள் உடம்பு தேற இங்கே வந்து பங்களாக்களில் தங்கினார்கள். 1830களின் நடுவில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் குற்றால மலையில் செடி சேகரித்தார். ரங்கய்யா, பிறகு கோவிந்து என்ற நம் ஓவியர்கள் அவருக்காகச் செடிகளை வரைந்தார்கள். வைட் அவற்றை யாருக்கு அனுப்பினார்? கிளாஸ்கோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்கு. வில்லியத்தின் மகன் ஜோசப் ஹூக்கர், சார்லஸ் டார்வினின் உயிர் நண்பர். ஜோசப் 1851இல் கல்யாணம் செய்துகொண்ட பிரான்ஸெஸ், டார்வினின் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹென்ஸ்லோவின் மகள். ஆக, குற்றாலச் செடியைச் சுமந்துகொண்டு போன தபால், இரண்டு கை மாறினால் டார்வின் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த விக்டோரியா காலத்து அறிஞர் வட்டாரத்தை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களும் கடிதத்தால் வாழ்ந்தவர்கள். டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்களை, 1974இல் தொடங்கி அரை நூற்றாண்டு உழைத்து, 30 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். அதில் உயிரினத் தோற்றத்தைப் பற்றிய கடிதமும் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்ற கடிதமும் தேதிப்படி அடுத்தடுத்து நிற்கின்றன. பதிப்பாசிரியர்கள் ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் டார்வினையே பாதிதான் தெரிந்துகொண்டிருப்போம்.

உடம்பு விஷயத்தையே பாருங்கள். டார்வினுக்கு வாந்தி, தலைசுற்றல், நடுக்கம். வருஷக்கணக்காக எந்த மருந்துக்கும் அடங்காத நோய். 1849இல் குடும்பத்தையே அழைத்துக்கொண்டு மால்வெர்ன் என்ற மலையூருக்குப் போனார். அங்கே டாக்டர் கல்லி நடத்தியது தண்ணீர் வைத்தியம். வியர்க்க வைத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் தேய்ப்பது, ஈரத்துணி சுற்றுவது, நடக்க விடுவது. உடம்பு தேறுகிறது என்று டார்வின் நண்பர்களுக்கு எழுதினார். நாள்வாரியாக உடம்புக் குறிப்பே வைத்துக்கொண்டார். இதைப் படிக்கும் தென்காசிக்காரருக்கு வியப்பு வராது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, உடம்பு சூடு பிடிக்கும் வரை தேய்த்து, அருவிக்கடியில் நின்று, வெளியே வந்ததும் பசி எடுக்க இட்லி சாப்பிடுகிறவர்கள் நாம். டாக்டர் கல்லி பணம் வாங்கிக்கொண்டு கொடுத்ததைச் சிற்றாறு சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறது. டி.கே.சி. நண்பர்களின் உடம்பை விசாரிக்கும்போதும் அருவிதான் அவர் சொல்லும் மருந்து. வேலைப்பளுவில் இளைத்துப்போன பத்திரிகையாசிரியர், கோர்ட்டில் தொண்டை கட்டிய வக்கீல், யாராயிருந்தாலும் பத்து நாள் இங்கே வந்து நின்றால் சரியாகும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. கவிதையைப் பற்றிய அவருடைய நம்பிக்கையும் இதே ஜாதிதான். விளக்கிப் புரியவைக்கிற சமாச்சாரம் இல்லை. போய் நின்று தலையில் வாங்கிக்கொள்ள வேண்டியது.

தண்ணீர் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. 1851இல் டார்வின் தம் பத்து வயது மகள் ஆனியை அதே மால்வெர்னுக்கு அழைத்துப் போனார். நிறைமாதமாயிருந்த மனைவி எம்மா வீட்டில் இருந்தார். குழந்தையின் கட்டில் பக்கத்திலிருந்து டார்வின் நாள் தவறாமல் எம்மாவுக்கு எழுதிய கடிதங்களை இன்றும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. கொஞ்சம் பால் குடித்தாள், கொஞ்சம் தூங்கினாள் என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் பிடித்து வைத்திருக்கிறார். ஏப்ரல் 23ஆம் தேதி ஆனி இறந்தாள். ஒரு வாரம் கழித்து, அவள் எப்படிச் சிரிப்பாள், எப்படி நடப்பாள் என்பது மறந்துபோகக் கூடாதென்று உட்கார்ந்து எழுதி வைத்தார். அவருடைய நண்பர் தாமஸ் ஹக்ஸ்லிக்கும் இதே கதி. 1860 செப்டம்பரில் நாலு வயது நிறையாத மகன் நோயல் செங்காய்ச்சலில் போனான். ஆறுதல் சொல்லி எழுதிய பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லிக்கு ஹக்ஸ்லி எழுதிய நீண்ட பதில், மறுமை உண்டா, நிரூபிக்க முடியாத ஒன்றை ஆறுதலுக்காக நம்பலாமா என்ற கேள்விகளையெல்லாம் மகனின் பாடைக்கு முன் நின்று யோசித்தது. விஞ்ஞானியின் கொள்கை விளக்கம் என்று இன்று மேற்கோள் காட்டப்படுவது ஒரு துக்கக் கடிதம்.

வட்டத்தொட்டிக்கும் அப்படி ஒரு வருஷம் வந்தது, 1941. டி.கே.சி.யின் மகன் தீத்தாரப்பன், தீபன் என்ற பெயரில் எழுதியவர், வீட்டில் செல்லையா, இளம் வயதில் இறந்துபோனார். நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். அந்தப் பாட்டைப் படித்துவிட்டு டி.கே.சி. பதில் எழுதியபோது, மகனை இழந்த வேதனையை மீறிக்கொண்டு அந்தக் கவியின் அழகுதான் பொங்கி வந்தது என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். கேட்கிற சிலருக்கு இது பொறுக்காது. பெற்ற தகப்பன் இப்படி எழுதலாமா என்பார்கள். ஹக்ஸ்லியின் கடிதத்தையும் டார்வினின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு அது கல்மனமாகத் தெரியவில்லை. ஆயுள் முழுவதும் எதை நம்பினாரோ அதைத்தான் ஹக்ஸ்லி அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டார். டி.கே.சி. பிடித்துக்கொண்டது கவிதையை. ஒரு சபை தன் நம்பிக்கைக்கு உண்மையாக இருந்ததா என்று சோதிக்க அதைவிடக் கடுமையான நாள் வர முடியாது. வட்டத்தொட்டியின் வரலாற்றில் முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய ஆவணம் இந்தக் கடிதப் போக்குவரத்துதான்.

துக்கக் கடிதம் நம் வீடுகளில் தப்பிப்பது அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். இறப்புச் செய்தி சொல்லும் கார்டை வீட்டுக்குள் வைக்க மாட்டோம். படித்த கையோடு கிழித்துப் போடுவோம். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் அதற்கென்றே கறுப்புக் கரை போட்ட தாளும் உறையும் வாங்கி, வந்ததைக் கட்டிப் பெட்டியில் வைத்தார்கள். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை நம் பரணில் ஐம்பது வருஷம் கிடக்கும். மறுநாள் வந்த சாவுக் கார்டு கிடைக்காது. அதனால் நம் குடும்பங்களின் காகித வரலாற்றில் எல்லாரும் கல்யாணம் செய்துகொண்டே இருக்கிறார்கள், யாரும் சாவதில்லை.

கல்யாணத்தில் இரு வட்டாரங்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே நட்பு சம்பந்தமாக மாறும். ஹூக்கர் கதையைப் பார்த்தோம். நம் ஜில்லாவிலேயே இன்னொன்று: இடையன்குடி கால்டுவெல். 1844இல் நாகர்கோவில் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மகள் எலிசாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது. 1891இல் கொடைக்கானலில் அவர் காலமான பிறகு, அவருடைய நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்தது மருமகன் வையட். மாமனார், மருமகன், ஆசிரியர், மாணவர் எல்லாம் ஒரே வளையத்துக்குள் அடங்கிவிடும். வட்டத்தொட்டியில் அதற்கு வழியே இல்லை. தென்காசி முதலியாரும், சேலத்து ஐயங்காரும், மாயவரம் பக்கத்து ஐயரும், தேரூர்ப் பிள்ளையும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் காலமா அது? ராஜாஜியின் மகள் லட்சுமி 1933இல் காந்தியின் மகன் தேவதாஸைக் கல்யாணம் செய்துகொண்டதே நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தியாக இருந்த காலம். சம்பந்தம் செய்ய முடியாத இடத்தில் உறவைக் காப்பாற்றியது கடிதம். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்திப் போவது, போக முடியாவிட்டால் வாழ்த்து எழுதுவது, குழந்தை பிறந்தால் விசாரிப்பது, பள்ளிக்கூடம் போகிற வயதில் அதற்கு என்ன பாட்டுச் சொல்லிக்கொடுக்கலாம் என்று யோசனை சொல்வது என்று, மாமனும் சித்தப்பனும் செய்ய வேண்டியதைத் தபால்காரர் கையில் கொடுத்துச் செய்தார்கள்.

கடிதத்தால் ஏற்பட்ட கல்யாணமே உண்டு அங்கே. ஹக்ஸ்லி 1847இல் கப்பலில் சிட்னிக்குப் போன இடத்தில் ஹென்ரியட்டாவைச் சந்தித்தார். 1850இல் இங்கிலாந்து திரும்பியவருக்கு வேலை கிடைத்து, ஹென்ரியட்டா வந்து சேர 1855 ஆனது. நடுவில் ஐந்து வருஷம், மாதக்கணக்கில் கடல் கடந்து வரும் கடிதங்களை வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். நம் பக்கத்தில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் வெளியே வருவதில்லை. எழுதத் தெரியாத பெண்கள் பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லி எழுதச் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர்களும் எல்லார் கண்ணிலும் படும் கார்டில் ‘நலம்’ என்பதற்கு மேல் என்ன எழுதிவிட முடியும்?

இந்த இடத்தில்தான் வட்டத்தொட்டி வரலாற்றின் பெரிய பள்ளம் தெரிகிறது. டார்வின் வீட்டுப் பெண்களின் கடிதங்களை மகள் ஹென்ரியட்டா சேர்த்து, ஒரு நூற்றாண்டுக் குடும்பக் கடிதங்கள் என்று இரண்டு தொகுதியாக 1904இல் வீட்டாருக்காகவும் 1915இல் எல்லாருக்குமாகவும் அச்சிட்டார். எம்மா இல்லாமல் டார்வின் இல்லை என்பது அதனால் உலகத்துக்குத் தெரிந்தது. வட்டத்தொட்டிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த அடுக்களையை நடத்திய டி.கே.சி.யின் மனைவி பிச்சம்மாள் என்ன நினைத்தார், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எப்போது தெரிந்துகொண்டார், மகன் போன வருஷத்தில் விருந்தாளிகளுக்கு எப்படி இலை போட்டார்? அவர் கையால் எழுதிய நாலு வரி கிடைத்தால் அது கம்பனைப் பற்றிய நாற்பது கட்டுரைக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன்.

1954 இந்தச் சபையை முடித்து வைத்தது. பிப்ரவரி 16இல் டி.கே.சி. குற்றாலத்தில் காலமானார். செப்டம்பரில் கவிமணி. டிசம்பர் 5இல் கல்கி. எழுதியவரும் எழுதப்பட்டவர்களும் ஒரே வருஷத்தில் போனார்கள். ஆனால் எழுதும் வழக்கம் போகவில்லை. வட்டத்தொட்டிக்கு வந்துபோன இடைசெவல்காரர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. அதிலும் உடம்பு, பிழைப்பு, பிரயாணம், சங்கீதம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. இன்னும் பின்னால் போனால் உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை 1877இலிருந்தே பத்திரப்படுத்தி வைத்தார், ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைப் பதிப்பித்தபோது பாரிஸ் பேராசிரியர் ஜூலியன் வின்சோனிலிருந்து உள்ளூர்ச் சிநேகிதர்கள் வரை ஒரு நூற்றாண்டே எழுந்து வந்தது. வந்த கடிதத்தை வைத்துக்கொள்ளும் புத்தி ஒருவருக்கு இருந்ததால் அது நடந்தது.

தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, வண்ணார்பேட்டை வீடுகளில் அந்தப் புத்தி உள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் சுவரோரம் தொங்கும் கம்பியில் கார்டுகளைக் குத்தி வைத்திருப்பதை நாற்பது வயது தாண்டிய எல்லாரும் பார்த்திருப்போம். வீட்டை இடிக்கும்போது அந்தக் கம்பியோடு பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. இந்த மலரைப் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: எடைக்குப் போடும் முன் ஒரு முறை பாருங்கள். டி.கே.சி. கையெழுத்துதான் வேண்டும் என்றில்லை. குற்றால சீசனுக்கு வரச்சொல்லி 1940களில் உங்கள் தாத்தாவுக்கு யாரோ எழுதியது, பேறுகாலத்துக்கு வந்த மகளைப் பற்றி ஆச்சி எழுதச் சொன்னது, மாப்பிள்ளை வீட்டார் எந்த வண்டியில் வருகிறார்கள் என்று வந்தது, எல்லாம் வேண்டும். கவரைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கும். கம்பியிலிருந்து உருவும்போது அடியிலிருந்து மேலாக, இருந்த வரிசையிலேயே அடுக்குங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், ஒட்டுத்தாளும் வேண்டாம். அவை காகிதத்தைக் கெடுக்கும். இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துவிட்டு, மூலத்தைச் சாதாரணத் தாள் உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சாரல் காலத்தில் அதைத் திறக்க வேண்டாம். கடிதத்தில் வரும் அத்தைகளும் பெரியப்பாக்களும் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.